ஆறடி மூணங்குலமும் இடது கையும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டையிலிருந்து அக்கா போன் செய்தாள். "தம்பி, இவன வெளியூர் விளையாட்டு ஹாஸ்டல்ல சேக்கச் சொல்லி கோச் சாரு சொல்லுதாவ. பதினொண்ணாப்பு அங்கயே படிச்சிக்கிடலாமாம். அத்தான் சரிங்காவ. எனக்குத்தான் ஒண்ணும் ஓட மாட்டேங்கு. நீ நாலு விஷயம் படிக்கவன்லா, பாத்துச் சொல்லு."

இவன் என்றால் என் மருமகன். பதினைந்து வயசு முடிந்திருக்கிறது, ஆறடி மூன்று அங்குலம். எங்கள் குடும்பத்தில் இந்த உயரம் யாருக்கும் கிடையாது. கூடைப்பந்துக்குள் அவன் போனது ஆசைப்பட்டு இல்லை, எட்டாம் வகுப்பில் பி.டி. வாத்தியார் வரிசையில் கடைசியில் நின்றவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனதால். இப்போது கிறுக்காகிவிட்டான். பெரிய பிளேயர் ஆகப்போகிறேன் என்கிறான்.

அக்காவின் கேள்வியை என் பாஷையில் மாற்றிக்கொண்டேன்: ஒரு பையன் விளையாட்டையே தொழிலாக எடுக்கும் இடத்துக்கு வரும்போது, அவனிடம் இருக்க வேண்டிய ஆட்டம் இருக்கிறதா? அதை எப்படித் தெரிந்துகொள்வது? நான் காலேஜில் கேரம் தவிர எதுவும் ஆடியவன் இல்லை. அதனால் எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். மூன்று வாரம் ராத்திரி உட்கார்ந்து தோண்டினேன். அந்தக் குறிப்புகள்தான் இது.

முதலில் கண்ணில் பட்டது ஒரு பழைய புலம்பல். இந்தக் காலத்துப் பையன்களுக்கு ஓட்டமும் தாவலும் இருக்கிறது, அடிப்படை இல்லை என்பது. அமெரிக்காவில் இதை உரக்கச் சொன்னவர் கோபி பிரையன்ட். 2015 ஜனவரியில் நிருபர்களிடம் பேசும்போது, ஐரோப்பிய வீரர்கள் அமெரிக்கர்களைவிட ஆட்டத் திறன் மிக்கவர்கள், சின்ன வயதிலேயே அவர்களுக்கு முறையாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள், இங்கே கோடைப் போட்டிகளில் பையன்களை ஊர் ஊராக இழுத்துப்போய் மேட்ச் மட்டும் ஆட வைக்கிறார்கள் என்று கடுமையாகவே சொன்னார். அவரே பள்ளியிலிருந்து நேராக என்பிஏவுக்குப் போனவர். சிறுவயதில் சில ஆண்டுகள் இத்தாலியில் வளர்ந்தவர், அப்பா அங்கே தொழில்முறை ஆட்டக்காரர். அதனால் இரண்டு பக்கமும் பார்த்தவர் பேச்சு என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் புலம்பலை நம்பி முடிவெடுக்க முடியாதே. எண்ணிக்கை ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தேன். திறமையைத் தனியாகப் பிரித்து அளக்க ஒரே ஒரு நல்ல இடம் இருக்கிறது: ஃப்ரீ த்ரோ. நாலரை மீட்டர் சொச்சம் தூரம், தடுக்க ஆள் இல்லை, வளையம் எப்போதும் 3.05 மீட்டர் உயரத்தில். உயரமோ தாவலோ அங்கே பெரிய உதவி செய்யாது. பையன்கள் உண்மையிலேயே மோசமாகிக்கொண்டு வந்தால் இந்த எண் விழ வேண்டும். விழவில்லை. என்பிஏவின் சராசரி பல பத்தாண்டுகளாக 75 சதவீதத்தை ஒட்டியே கிடந்தது, சமீப ஆண்டுகளில் 78-ஐ ஒட்டி ஏறியிருக்கிறது. மூன்று புள்ளி எறிதல் இன்னும் தெளிவு. 1979-80-ல் அது அறிமுகமான சீசனில் ஒரு அணி ஆட்டத்துக்கு மூன்று முறைகூட எறியவில்லை, விழுந்ததும் 28 சதவீதம்தான். இப்போது 35 முறைக்கு மேல் எறிகிறார்கள், விழுவது 35, 36 சதவீதம். பத்து மடங்குக்கு மேல் அதிகமாக எறிந்தும் குறி கூடியிருக்கிறது. இந்த லீகில் பத்தொன்பது இருபது வயசுப் பையன்களும் அடக்கம்.

ஆக, "எறியத் தெரியாதவர்கள்" என்ற குற்றச்சாட்டு நிற்காது.

இங்கே ஒரு சின்னக் கணக்கு, எனக்குப் பிடித்ததால் எழுதுகிறேன், அவசரமானவர்கள் தாண்டிப் போகலாம். வளையத்தின் விட்டம் 45 செ.மீ., பந்தின் விட்டம் சுமார் 24. பந்து நேர் மேலிருந்து விழுந்தால் இரண்டு பந்து கிட்டத்தட்ட சேர்ந்தே நுழையலாம், அவ்வளவு இடம். ஆனால் பந்து சாய்வாகத்தானே வருகிறது. 45 டிகிரியில் வந்தால் அதன் கண்ணுக்கு வளையம் 32 செ.மீ. அகலம்தான், மிச்சம் 8 செ.மீ. 35 டிகிரியில் தட்டையாக வந்தால் 26-க்கும் கீழே, மிச்சம் இரண்டு செ.மீ.கூட இல்லை. 32 டிகிரிக்குக் கீழே போனால் வளையத்தைத் தொடாமல் நுழைய வழியே இல்லை. உயரமான பையன்கள் பலரும் தட்டையாகத்தான் எறிகிறார்கள், வளையம் பக்கத்தில் இருக்கிறது என்ற நினைப்பில். என் மருமகனும் அப்படித்தான். இது ஒரு மாதத்தில் திருத்தக்கூடிய கோளாறு. திருத்தாமலே பெரிய ஆள் ஆனவர்களும் உண்டு. ஷாக்கில் ஓ'நீலின் வாழ்நாள் ஃப்ரீ த்ரோ சராசரி 53 சதவீதத்தைத் தொடவில்லை, நான்கு சாம்பியன்ஷிப் ஜெயித்தார். ஆனால் அவருடைய உடம்பு கோடியில் ஒருவருக்கு வாய்ப்பது.

எறிவதைத் தனியாக நின்று பழகலாம். தனியாகப் பழக முடியாதது வேறு: எப்போது எறிவது, எப்போது கொடுப்பது, எதிராளி எந்தப் பக்கம் வெட்டப்போகிறான், உதவிக்கு எந்த நொடியில் நகர்வது. இது எதிரே ஆள் இருந்தால்தான் வரும், அதுவும் நம்மைவிடக் கெட்டிக்கார ஆள். இளம் வீரர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான் என்று படிக்கப் படிக்கத் தெரிந்தது.

அமெரிக்காவில் இதற்கு ஒரு பெரிய சோதனையே நடந்து முடிந்திருக்கிறது. 1995-ல் கெவின் கார்னெட் கல்லூரிக்குப் போகாமல் பள்ளியிலிருந்து நேராக என்பிஏவுக்குள் வந்தார். எழுபதுகளில் இரண்டு மூன்று பேர் அப்படி வந்ததுண்டு, பிறகு இருபது வருட இடைவெளி. கார்னெட்டுக்குப் பின்னால் கதவு திறந்துகொண்டது. 1996-ல் கோபி, 1997-ல் டிரேசி மெக்ரேடி, 2003-ல் லெப்ரான் ஜேம்ஸ். பிறகு லீகும் வீரர் சங்கமும் 2005-ல் ஒப்பந்தம் போட்டு, 2006 முதல் அமெரிக்கப் பையன்களுக்குப் பத்தொன்பது வயதாக வேண்டும், பள்ளி முடித்து ஒரு வருடமாவது ஆகியிருக்க வேண்டும் என்று கதவைச் சாத்தினார்கள்.

இந்தப் பத்து வருடத்தில் வந்தவர்கள் எப்படி ஆடினார்கள்? லெப்ரான் முதல் சீசனிலேயே ஆட்டத்துக்கு 20.9 புள்ளி. அவரை உதாரணமாகக் காட்டித்தான் எல்லா ஊர் அப்பாக்களும் ஏமாறுகிறார்கள். அவரை விட்டுவிட்டுப் பாருங்கள். கோபியின் முதல் சீசன் சராசரி 7.6 புள்ளி, களத்தில் இருந்ததே பதினைந்தரை நிமிடம். 1997 மே மாதம் யூட்டாவுக்கு எதிரான பிளேஆஃபில், ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் நான்கு முறை எறிந்தார், நான்கும் வளையத்தைத் தொடவே இல்லை. பதினெட்டு வயசுப் பையன். உலகமே பார்த்துக்கொண்டிருந்தது. அந்த ஆட்டத்தோடு லேக்கர்ஸ் வெளியேறியது. மறுநாள் அவரை யாரும் வீட்டுக்கு அனுப்பவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

அதே 1996-ல் வந்த இன்னொருவர் ஜெர்மைன் ஓ'நீல். 17-வது தேர்வாக போர்ட்லாண்ட் எடுத்தது. நான்கு வருடம் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். கடைசி சீசனில் சராசரி 3.9 புள்ளி. 2000-ல் இந்தியானாவுக்கு மாற்றினார்கள். அடுத்த சீசனில் 12.9 புள்ளி. 2002-ல் அதிகம் முன்னேறிய வீரர் விருது, அந்த வருடம் தொடங்கி தொடர்ந்து ஆறு முறை ஆல்-ஸ்டார். ஒரே கோடையில் ஒரு மனுஷனுக்கு மூன்று மடங்கு திறமை வந்துவிடுமா? வராது. நான்கு வருடம் பயிற்சியில் லீகின் மூத்த பூதங்களோடு தினமும் மோதிச் சேர்த்து வைத்தது, களத்தில் நேரம் கொடுத்ததும் வெளியே வந்தது. போர்ட்லாண்ட் 1999-ல் அவரை வேண்டாம் என்று விட்டிருந்தால், "பள்ளியிலிருந்து நேராக வந்து கெட்டவர்கள்" பட்டியலில் அவர் பெயரும் இருந்திருக்கும்.

அந்தப் பட்டியலில் இருக்கும் ஒரு பெயர் கோர்லியோன் யங். 1998-ல் டெட்ராய்ட் 40-வது தேர்வாக எடுத்தது. மொத்தம் மூன்றே மூன்று என்பிஏ ஆட்டங்கள். முடிந்தது. 17-க்கும் 40-க்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம் திறமை மட்டும் இல்லை. முதல் சுற்றில் எடுத்தால் ஒப்பந்தம் உறுதி, சம்பளம் கொடுத்தே ஆக வேண்டும், அதனால் அணி காத்திருக்கும். இரண்டாம் சுற்றுக்கு அந்த உறுதி கிடையாது. காத்திருக்க யாருக்கும் கட்டாயம் இல்லை.

சட்டப் பேராசிரியர் மைக்கேல் மெக்கான் 2004-ல் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். பள்ளியிலிருந்து நேராக வந்தவர்கள் மொத்தமாகப் பார்த்தால் மற்ற எந்தக் கூட்டத்தையும்விட நன்றாகவே தேறியிருக்கிறார்கள், தடை போடுவதில் அர்த்தமில்லை என்பது அவர் வாதம். எண்கள் சரிதான். ஆனால் என் தொழில்புத்தி ஒரு இடத்தில் நிற்கிறது. கல்லூரியைத் தாண்டிக் குதிக்கத் துணிந்தவர்களே அந்த வயதின் உச்சத்தில் இருந்தவர்கள். ஐஐடியில் சேர்ந்தவன் நன்றாக வேலை பார்க்கிறான் என்பதை வைத்து ஐஐடி எல்லோருக்கும் நல்லது என்று சொல்ல முடியுமா? இந்தக் கணக்கை வைத்து ஒரு சராசரிப் பையனுக்கு அறிவுரை சொல்ல முடியாது. தோற்றதாகச் சொல்லப்படுகிறவர்களையும் கொஞ்சம் நியாயமாகப் பார்க்க வேண்டும். பள்ளியிலிருந்து வந்து முதல் தேர்வான முதல் ஆள் குவாமே பிரவுன், 2001. இருபது வருடமாக அவர் பெயரைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். மனுஷன் பன்னிரண்டு சீசன் ஆடியிருக்கிறார்.

இரண்டாவது சோதனை இன்னும் சமீபத்தியது. கல்லூரி வேண்டாம் என்ற பையன்களுக்காக 2020-ல் என்பிஏ தன் வளர்ப்பு லீகில் இக்னைட் என்று ஒரு அணியைத் தொடங்கியது. நல்ல சம்பளம், நல்ல கோச்கள், பதினெட்டு பத்தொன்பது வயசில் உலகின் சிறந்த பையன்கள். 2023-24 அணியில் இருந்த ரான் ஹாலண்ட் அடுத்த டிராஃப்டில் 5-வது தேர்வு, மட்டாஸ் புசேலிஸ் 11-வது. இவ்வளவு சரக்கு உள்ள அணி அந்த சீசனில் 34 ஆட்டங்களில் ஜெயித்தது 2. எதிரே ஆடியவர்கள் யார்? பெரும்பாலும் என்பிஏவுக்குள் நிலையாக நுழைய முடியாத, இருபத்தைந்து வயசுக்காரர்கள். இவர்களைவிடக் குள்ளம், தாவல் கம்மி, யாருக்கும் பெயர் தெரியாது. ஆனால் எந்த நொடியில் எங்கே நிற்க வேண்டும் என்று தெரியும். அந்த சீசனோடு இக்னைட்டை மூடிவிட்டார்கள். முக்கியக் காரணம் கல்லூரி வீரர்களும் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம் என்று 2021-ல் விதி மாறியது, தோல்வி இல்லை. ஆனாலும் 2-32 என்ற அந்த எண் எனக்கு எந்தக் கட்டுரையைவிடவும் தெளிவாகப் பேசியது.

அப்படியானால் லூகா டான்சிச்? பதின்மூன்று வயதில் ரியல் மாட்ரிட் வந்தார், பதினாறில் பெரியவர்கள் அணியில் களமிறங்கினார், பத்தொன்பதில் யூரோலீக் சாம்பியன், அந்தத் தொடரின் சிறந்த வீரர். அதே வருடம் என்பிஏவுக்குப் போய் முதல் சீசனிலேயே 21.2 புள்ளி. அவர் தயாராக வந்ததற்கு ஐரோப்பிய அடிப்படைப் பயிற்சியைத்தான் எல்லோரும் சொல்வார்கள். நான் இன்னொன்றும் சொல்வேன். அவர் என்பிஏவுக்கு வந்தபோது இளைஞரே இல்லை, மூன்று வருட அனுபவமுள்ள தொழில்முறை ஆட்டக்காரர். வயது கம்மி, அவ்வளவுதான்.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். அக்காவுக்குப் பதில் சொல்ல லெப்ரானும் லூகாவும் எதற்கு?

நம்மிடம் உள்ள பெரிய உதாரணம் சத்னாம் சிங். பஞ்சாபில் பல்லோ கே என்ற சின்ன கிராமத்து விவசாயக் குடும்பம். ஏழடி இரண்டு அங்குலம். சிறுவனாக லூதியானா கூடைப்பந்து அகாடமியில் சேர்ந்தார். அங்கே அவரை வளர்த்த கோச் டாக்டர் எஸ். சுப்ரமணியன். பஞ்சாபிப் பெயர்களாகப் படித்துக்கொண்டே வந்தபோது திடீரென்று நம்மூர்ப் பக்கத்துப் பெயர் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சத்னாம் டிராஃப்ட் ஆனதைப் பார்க்க அவர் இல்லை, 2013-லேயே காலமாகிவிட்டார். 2010-ல், பதினான்கு வயதில், ஐஎம்ஜி - ரிலையன்ஸ் உதவித்தொகையில் சத்னாம் ஃபுளோரிடாவுக்குப் போனார். ஆங்கிலம் தெரியாது. ஐந்து வருடம் அங்கே பயிற்சி. 2015 ஜூன் 25 அன்று டாலஸ் அணி 52-வது தேர்வாக அவர் பெயரை வாசித்தது. இந்தியாவில் பிறந்து என்பிஏ டிராஃப்டில் தேர்வான முதல் ஆள்.

பிறகு? என்பிஏவில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. டாலஸின் வளர்ப்பு அணியான டெக்சஸ் லெஜண்ட்ஸில் இரண்டு சீசன், அதுவும் சொற்ப நிமிடங்கள். இந்தியாவுக்குத் திரும்பினார், கனடாவில் கொஞ்சம் ஆடினார், 2021-ல் மல்யுத்த நிறுவனம் ஒன்றில் சேர்ந்துவிட்டார்.

அவருக்குத் திறமை போதவில்லை என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். ஆனால் தேதிகளைப் பாருங்கள். அவர் டிராஃப்ட் ஆவதற்கு ஒன்பது நாள் முன்னால், ஜூன் 16 அன்று, கோல்டன் ஸ்டேட் சாம்பியன் ஆனது. இறுதிப் போட்டியின் நடுவில் தங்கள் ஏழடி ஆளை உட்கார வைத்துவிட்டு, ஓடக்கூடிய, தூரத்திலிருந்து எறியக்கூடிய ஆட்களை இறக்கி ஜெயித்தார்கள். அதன் பிறகு மொத்த லீகும் அந்தப் பக்கம் சாய்ந்தது. வளையத்துக்குக் கீழே நின்று முதுகைக் காட்டி ஆடும் மலை போன்ற சென்டருக்குத் தேவையே சுருங்கியது. சத்னாம் பத்து வருடமாகக் கற்றதோ அந்த ஆட்டம். நாங்கள் இரண்டாயிரத்தில் விழுந்து விழுந்து விஷுவல் பேசிக் படித்துவிட்டு வெளியே வந்தபோது சென்னையில் எல்லோரும் ஜாவா கேட்டார்களே, அந்த மாதிரி.

இவருக்குப் பக்கத்தில் இன்னொரு இரண்டாம் சுற்றுக்காரரை வைத்துப் பார்க்கலாம். 2014-ல் 41-வது தேர்வு, நிகோலா யோகிச். பெரிய உடம்பு, ஓட்டம் மெதுவு, தாவல் சுமார். டென்வர் அவரை உடனே அழைத்துப் பெஞ்சில் உட்கார வைக்கவில்லை. இன்னொரு வருடம் செர்பியாவிலேயே விட்டது. அந்த வருடம் அவர் மெகா அணிக்குப் பெரியவர்களோடு முழு நேரம் ஆடி, ஏபிஏ லீகின் சிறந்த வீரர் ஆனார். பிறகு வந்து மூன்று முறை என்பிஏவின் சிறந்த வீரர். சத்னாமும் யோகிச்சும் சமம் என்று சொல்லவில்லை, யோகிச்சின் கண்ணும் கையும் வேறு ரகம். ஆனால் தேறாத பையனை அனுப்பி ஒரு வருடம் ஆட வைக்க யோகிச்சுக்கு ஒரு ஊர் இருந்தது. சத்னாமுக்கு? 2015-ல் இங்கே யுபிஏ என்ற தனியார் லீக் தொடங்கியது, 2017-க்குப் பிறகு அது நடக்கவில்லை. கூட்டமைப்பின் ஆதரவில் ஐஎன்பிஎல் வந்தது 2022-ல்தான், அதில் சென்னை ஹீட் என்று நம் அணியும் ஆடியது.

பிரின்ஸ்பால் சிங் கதையும் கிட்டத்தட்ட இதே வழி. அதே லூதியானா, பிறகு 2017-ல் டெல்லிக்குப் பக்கத்தில் தொடங்கிய என்பிஏ அகாடமி, ஆஸ்திரேலியா, 2020-ல் அதே இக்னைட் அணி. 2021-ல் சாக்ரமெண்டோவின் கோடை லீக் அணியில் இருந்தார், அந்த அணி கோப்பையும் ஜெயித்தது. களத்தில் அவருக்குக் கிடைத்தது சில நிமிடங்கள். ஒவ்வொரு படியும் முந்தையதைவிட நல்ல இடம்தான், ஒவ்வொரு படியிலும் ஆடக் கிடைத்த நேரம் குறைந்துகொண்டே வந்தது.

தமிழ்நாட்டில் "தொழில்முறை" என்ற சொல்லுக்கே அர்த்தம் வேறு. கூடைப்பந்து இந்தியாவில் வேர்பிடித்ததே மெட்ராஸ் ஒய்எம்சிஏ வழியாகத்தான். 1920-ல் ஹாரி குரோ பக் அங்கே உடற்கல்விக் கல்லூரி தொடங்கினார். நூறு வருடம் கழித்தும் இங்கே ஒரு ஆட்டக்காரன் தொழில்முறை ஆகிறான் என்றால், ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலைக்குச் சேர்கிறான் என்று அர்த்தம். மே மாதம் பெரியகுளம் சில்வர் ஜூப்ளி கிளப் நடத்தும் பி.டி. சிதம்பர சூரியநாராயணன் காலத்துக் கதைகளை எல்லாம் விடுங்கள், இன்றைக்கும் அங்கே வரும் அணிகளின் பெயரைப் பார்த்தாலே போதும்: இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, ஐசிஎஃப், விமானப்படை, கடற்படை, கேரள மின்வாரியம். ஒன்றுகூட கிளப் இல்லை. எல்லாம் சம்பளப் பட்டியல்.

இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. அனிதா பால்துரை பத்தொன்பது வயதில் இந்திய மகளிர் அணித் தலைவரானவர், பதினெட்டு ஆண்டுகள் நாட்டுக்கு ஆடியவர், 2021-ல் பத்மஸ்ரீ. அவர் தெற்கு ரயில்வே ஊழியர். அந்த வேலை இல்லாமல் அந்தப் பதினெட்டு ஆண்டுகள் சாத்தியமா என்று யோசித்துப் பாருங்கள். 2022-ல் சென்னையில் நடந்த தேசியப் போட்டியில் தமிழ்நாடு ஆண்கள் அணி பஞ்சாபை வென்று கோப்பை எடுத்தது. அந்தத் தரத்தை இத்தனை வருடம் தாங்கி நின்றதும் இந்த வங்கி, ரயில்வே அணிகள்தான். சத்னாமுக்குக் கிடைக்காத ஒன்றை இவை தருகின்றன: மூத்தவர்களோடு தினசரி ஆட்டம், தோற்றாலும் மாதச் சம்பளம்.

சிக்கல் வாசலில் இருக்கிறது. அந்த வேலைக்குள் நுழைய இருபது, இருபத்திரண்டு வயதுக்குள் மாநில அணி, பல்கலைக்கழக அணிச் சான்றிதழ் வேண்டும். அதற்கு இப்போதே ஜெயிக்க வேண்டும். பதினாறு வயதில் ஜெயிக்க எது சுலபமான வழி? உயரமான பையனை வளையத்துக்குக் கீழே நிறுத்துவது. பந்து கையில் வந்தால் திரும்பிப் போடு, அவ்வளவுதான். ஆறடி மூன்று அங்குலம் பள்ளி ஆட்டத்தில் மலை. இந்திய அணியில் அதே உயரம் கார்டு ஆடும் உயரம். பந்தைத் தட்டிக்கொண்டு ஓட வேண்டும், இடது கையால் கொடுக்க வேண்டும், வெளியிலிருந்து எறிய வேண்டும். பள்ளியில் மலையாக நின்றவனுக்கு இதில் எதுவும் சொல்லித்தரப்படவில்லை. எந்தக் கோச்சையும் குறை சொல்ல முடியாது, அவருக்கும் கோப்பை காட்ட வேண்டியிருக்கிறது. பள்ளிகளில் விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்தும் உலகத் திறனாய்வுத் தேர்வும் உயரம், எடை, ஓட்டம், தாண்டல், எறிதல் என்றுதான் அளக்கிறது. லட்சக்கணக்கான பிள்ளைகளை அளக்க அதுதான் முடியும்.

கிரிக்கெட்டில் பாருங்கள், இதே ஊர்ப் பையனுக்கு ஏணி எவ்வளவு கண்ணுக்குத் தெரிகிறது. சங்கர் நகர் சிமெண்ட் ஆலை மைதானத்தில் விளக்கு போட்டு டிஎன்பிஎல் நடக்கிறது. அங்கே நன்றாக ஆடினால் அடுத்தது ரஞ்சி, அடுத்தது ஐபிஎல். ஒவ்வொரு படியிலும் ஆட்டம் உண்டு. பொறாமையாகத்தான் இருக்கிறது.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. இருபது வருடத்துக்கு முன்னால் பி.இ. முடித்து வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு ஒன்றும் தெரியாது. அடக்கத்துக்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே தெரியாது. முதல் மூன்று மாதம் பயிற்சி, பிறகு ஒரு மூத்தவருக்குப் பக்கத்து நாற்காலி. நான் எழுதியதை அவர் தினமும் சாயங்காலம் அழித்துவிட்டுத் திரும்ப எழுதுவார், ஏன் என்று சொல்லிக்கொண்டே. ஒன்றரை வருடம். வேலைக்குச் சேரும் அன்று எனக்குப் போதுமான திறமை இருந்ததா என்று கேட்டிருந்தால் நேர்மையான பதில் இல்லை என்பதுதான். அந்த நாற்காலி இருந்தது.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். சாயங்காலம் பாளையில் அவன் ஆடும் பள்ளி மைதானம். சிமெண்ட் தரை ஆறு மணிக்கும் கொதித்தது. அவனை விட ஒரு சாண் குள்ளமான ஒரு பையன் அவனைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தான். மருமகன் இருபது நிமிடத்தில் ஒரு முறைகூட இடது பக்கம் போகவில்லை. முடிந்ததும் கேட்டேன், ஏம்ல இடது பக்கம் போகல? "அங்க போனா சாரு திட்டுவாவ மாமா. என்ன உள்ளயே நிக்கச் சொல்லிருக்காவ."

ராத்திரி சாப்பாட்டில் அக்காவிடம் சொன்னேன். அவனுக்கு ஆட்டம் போதாது. ஆனால் அது அவனைச் சேர்க்காமல் இருக்கக் காரணம் இல்லை, இந்த வயதில் யாருக்கும் போதாது. விசாரிக்க வேண்டியது அவனை இல்லை, அந்த இடத்தை. அத்தானுக்குக் கொஞ்சம் கோபம். "எல்லாரும் இடம் கெடைக்காதான்னு அலையுதானுவ, நீ இடத்த விசாரிக்கணும்ங்க" என்றார். அவர் சொல்வதும் சரிதான், வந்த வாய்ப்பை எடைபோடும் வசதி எல்லோருக்கும் கிடையாது. அதுவும் பன்னிரண்டாம் வகுப்பு மார்க் கையில் இல்லாமல், ஆட்டமும் கைவிட்டால் என்ன ஆகும் என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

கடைசியில் தேர்வுக்குப் போய்ப் பார்ப்பது என்று முடிவாயிற்று. அத்தான் கூட்டிக்கொண்டு போகிறார். ஒரு தாளில் நான்கு கேள்வி எழுதிக் கொடுத்திருக்கிறேன். இவனைவிடப் பெரிய பையன்கள் எத்தனை பேர் அங்கே பயிற்சியில் இருக்கிறார்கள்? முதல் வருடம் இவன் மேட்ச் ஆடுவானா, உட்கார்ந்திருப்பானா? வாரத்தில் எத்தனை நாள் வகுப்புக்குப் போவான்? நான்காவதை மருமகனே வாங்கி எழுதினான்: என்னை வெளியே நின்று ஆட விடுவீர்களா?